டார் ஹீல்ஸ் வீரர்களின் கூடைப்பந்து அட்டைகளைச் சேர்ப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

தமக்குப் பிடித்த கல்லூரி அணியில் ஆடிய வீரர்களின் படம் அச்சிட்ட சேகரிப்பு அட்டைகளைச் சேர்க்கத் தொடங்குகிறவர்களில் பலர் முதல் நாளே அட்டைப் பொட்டலங்கள் அடங்கிய ஒரு பெட்டியை வாங்கிப் பிரித்துவிடுகிறார்கள். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் ஒரு பெட்டியில் பல கல்லூரிகளிலிருந்து வந்த வீரர்கள் கலந்திருப்பார்கள் என்பதால், நாம் தேடும் கல்லூரியின் முகங்கள் இரண்டோ மூன்றோ கிடைத்தாலே பெரிது. மீதி அட்டைகள் மேசையில் குவிந்துகிடக்க, ஆர்வம் பாதியிலேயே வடிந்துவிடுகிறது. இதை நான் பலமுறை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். கல்லூரி அணி சேகரிப்பில் வாங்குவது ஆறாவது படியாகத்தான் வர வேண்டும்; அதற்கு முன்னுள்ள ஐந்தும் பட்டியலையும் ஆயத்தத்தையும் சார்ந்தவை.

எடுத்துக்காட்டாக, நான் சேர்த்துவரும் வட கரோலைனா பல்கலைக்கழகத்தின் டார் ஹீல்ஸ் அணியைக் கொள்கிறேன். டியூக், கென்டக்கி, கான்சஸ் என்று வேறு அணியை விரும்புகிறவர்களுக்குப் பெயர்கள் மாறும். படிகளின் வரிசை மாறாது.

1. யார் நம் அணி வீரர் என்று முதலில் எழுதி வையுங்கள்

இது சிறிய வேலையாகத் தோன்றும். ஆனால் பின்னால் வரும் எல்லாக் குழப்பங்களும் இதைத் தவிர்ப்பதிலிருந்தே பிறக்கின்றன. வாக்கர் கெஸ்லர் 2020-21 பருவத்தில் வட கரோலைனாவில் ஆடிவிட்டு ஆபர்ன் பல்கலைக்கழகத்துக்கு மாறினார்; அங்கிருந்துதான் 2022-இல் என்.பி.ஏ.வுக்குத் தேர்வானார். அவர் உங்கள் பட்டியலில் உண்டா? கேமரன் ஜான்சன் பிட்ஸ்பர்க்கில் தொடங்கி வட கரோலைனாவில் முடித்தவர், அவர் உண்டா? ஜூலியஸ் பெப்பர்ஸ் இந்த அணிக்காக 2000-ஆம் ஆண்டு இறுதி நால்வர் சுற்று வரை சென்ற குழுவில் கூடைப்பந்து ஆடியவர். ஆனால் அவருடைய புகழ்பெற்ற அட்டைகள் எல்லாம் அமெரிக்கக் கால்பந்து அட்டைகள்.

என் விதி இதுதான்: வட கரோலைனா சீருடையில் ஓர் ஆட்டமாவது ஆடியவர் எவரும் பட்டியலில் உண்டு, வேறு விளையாட்டின் அட்டை கணக்கில் சேராது. உங்கள் விதி வேறாக இருக்கலாம். ஆனால் அது எழுத்தில் இருக்க வேண்டும், ஏனெனில் நள்ளிரவில் ஏலம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது எடுக்கும் முடிவு பெரும்பாலும் விதிக்குப் புறம்பானதாகவே அமைகிறது.

இதே தாளில் இன்னும் இரண்டு கேள்விகளுக்கும் விடை எழுதுங்கள். 1994-இல் தேசியப் பட்டம் வென்ற மகளிர் அணியும் சேருமா? கல்லூரிச் சீருடையில் இருக்கும் அட்டைகள் மட்டுமா, என்.பி.ஏ. சீருடையில் இருப்பவையும் சேருமா? கல்லூரிச் சீருடை மட்டும் என்றால், பழைய வீரர்கள் பலருக்கு அவர்கள் ஆடிய காலத்து அட்டையே கிடைக்காது. அதன் காரணத்தை மூன்றாம் படியில் சொல்கிறேன்.

2. பெயர்ப் பட்டியலைத் தயாரியுங்கள்

விளையாட்டுப் புள்ளிவிவரத் தளங்களில் கல்லூரி வாரியாக என்.பி.ஏ. வீரர்களைப் பிரித்துத் தந்திருப்பார்கள். அதிலிருந்து தொடங்கி, பட்டம் வென்ற ஆண்டுகளின் குழுக்களை அதன்மேல் சேர்த்துக்கொள்வது எளிய வழி. வட கரோலைனா 1957, 1982, 1993, 2005, 2009, 2017 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் பட்டத்தை வென்றது. அந்த ஆறு குழுக்களின் பெயர்களை எழுதினாலே பட்டியலுக்கு முதுகெலும்பு கிடைத்துவிடும்.

பெயர்களை, என்.பி.ஏ. அணிகள் புதிய வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் வரைவுத் தேர்வு நடந்த ஆண்டின்படி அடுக்குங்கள், அகர வரிசையில் வேண்டாம். எந்த ஆண்டின் அட்டைத் தொகுப்பைத் தேட வேண்டும் என்பதை அந்த ஆண்டே காட்டிவிடும். 2005-இல் மார்வின் வில்லியம்ஸ், ரேமண்ட் ஃபெல்டன், ஷான் மே, ரஷாத் மெக்கான்ட்ஸ் என நால்வர் முதல் பதினான்கு இடங்களுக்குள் தேர்வானார்கள். 2012-இலும் ஹாரிசன் பார்ன்ஸ், கெண்டல் மார்ஷல், ஜான் ஹென்சன், டைலர் செல்லர் என நால்வர் முதல் சுற்றிலேயே போனார்கள். ஆண்டு வாரியாக அடுக்கினால், இத்தகைய நால்வரையும் ஒரே தொகுப்பில், பெரும்பாலும் ஒரே விற்பனையாளரிடம், ஒரே அஞ்சல் செலவில் வாங்க முடியும்.

3. ஒவ்வொரு பெயருக்கும் எந்த அட்டை என்று முடிவுசெய்யுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். கூடைப்பந்து அட்டைகள் எல்லா ஆண்டுகளிலும் தொடர்ந்து வெளிவரவில்லை. அந்த இடைவெளிகளை அறியாமல் தேடுகிறவர்கள், இல்லாத அட்டைக்காக மாதக்கணக்கில் அலைகிறார்கள்.

1957-இல் தோல்வியே காணாமல் 32 ஆட்டங்களையும் வென்ற குழுவின் நாயகர் லென்னி ரோசன்புளூத். அவருக்கு டாப்ஸ் என்ற அட்டை நிறுவனத்தின் 1957-58 தொகுப்பில் அட்டை உண்டு. 80 அட்டைகளே கொண்ட அந்தத் தொகுப்பில் படம் நடுவில் சரியாக அமைந்த பிரதிகள் குறைவு என்பதால், ஒருபக்கம் சாய்ந்த படத்தைக் குறையாகக் கருதி ஒதுக்கிவிடாதீர்கள்.

பில்லி கன்னிங்ஹாமின் முதல் டாப்ஸ் அட்டை 1969-70 தொகுப்பில் 40-ஆம் எண். அந்த ஆண்டு அட்டைகள் இன்றைய அளவைவிட உயரமானவை: அகலம் இரண்டரை அங்குலம், உயரம் ஏறத்தாழ 4.7 அங்குலம். வழக்கமான உறை அதற்குப் பொருந்தாது. பாப் மக்அடூவின் அட்டை 1973-74 தொகுப்பில் 135-ஆம் எண். அது இன்றைய வழக்கமான அளவிலேயே இருக்கும். 1980-81 டாப்ஸ் அட்டை ஒன்றில் மூன்று சிறு அட்டைகள் துளைக்கோட்டால் இணைந்திருக்கும். விலை மலிவாகத் தெரிந்தால், அது பிரிக்கப்பட்ட தனித் துண்டா, முழு அட்டையா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அடுத்து வருவதுதான் புதியவர்கள் பெரும்பாலும் இடறும் இடம். ஜேம்ஸ் வொர்த்தி 1982-இல் முதல் வீரராகத் தேர்வானவர். ஆகவே 1982 அட்டையைத் தேடுவார்கள். அப்படி ஒன்று கிடைக்காது. டாப்ஸ் 1982-இல் கூடைப்பந்து அட்டைகளை நிறுத்திவிட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஸ்டார் என்ற நிறுவனம் அணி வாரியாகப் பைகளில் அடைத்து விற்பனையாளர்கள் மூலம் விற்றது. கடையில் வாங்கும் பொட்டலங்களில் அவை வரவில்லை. பிறகு ஃபிளீர் நிறுவனத்தின் 132 அட்டைகள் கொண்ட 1986-87 தொகுப்பு வந்தது. அதனால்தான் நான்கு ஆண்டுகள் ஆடி முடித்த வொர்த்திக்கும், 1984-இல் தேர்வான மைக்கேல் ஜோர்டன், சாம் பெர்க்கின்ஸ் ஆகியோருக்கும் அந்தத் தொகுப்பின் அட்டையையே ரூக்கி அட்டை, அதாவது அறிமுக அட்டை, என்று பெரும்பாலோர் கொள்கிறார்கள். அவற்றின் எண்கள்: ஜோர்டன் 57, பெர்க்கின்ஸ் 86, வொர்த்தி 131.

என்.பி.ஏ. பக்கமே போகாத வீரர்களுக்கு 1989-இல் கல்லூரி வாரியாக வெளியிடப்பட்ட கலீஜியேட் கலெக்ஷன் தொகுப்பு பெரும் துணை. வட கரோலைனாவுக்கான அந்தத் தொகுப்பில் 200 அட்டைகள் உண்டு; பயிற்சியாளர் டீன் ஸ்மித்தும், கல்லூரிச் சீருடையில் ஜோர்டனும் அதில் இருக்கிறார்கள். பிரிக்காத முழுத் தொகுப்பாக அதை வாங்குவதையே நான் பரிந்துரைக்கிறேன். பெரிய அளவில் அச்சிடப்பட்டதால் விலை குறைவு. ஒரே வாங்கலில் உங்கள் பட்டியலின் பெரும்பகுதி நிறைந்துவிடும்.

கல்லூரிச் சீருடை அட்டைகள் ஏன் குறைவு என்பதற்கு வருகிறேன். மாணவராக ஆடிக்கொண்டிருக்கும்போது தம் பெயரையும் படத்தையும் வைத்துப் பணம் ஈட்டக் கூடாது என்ற என்.சி.ஏ.ஏ. விதி 2021 ஜூலை 1 வரை நடைமுறையில் இருந்தது. எனவே அதற்கு முன் வந்த கல்லூரிச் சீருடை அட்டைகள் பெரும்பாலும் கல்லூரியை விட்டு வெளியேறியவர்களுடையவை. அந்தத் தேதிக்குப் பின்தான் போமன் யூனிவர்சிட்டி போன்ற தொகுப்புகளில் ஆடிக்கொண்டிருக்கும் மாணவர்களின் அட்டைகள் வரத் தொடங்கின. அண்மைக் கால அணியை விரும்புகிறவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

ஜோர்டனைப் பற்றித் தனியாக ஒரு சொல். அவருடைய அட்டைகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. எல்லை வகுக்காவிட்டால் அணி சேகரிப்பு ஜோர்டன் சேகரிப்பாக மாறிவிடும். எனக்கு ஐந்து அட்டைகள்தான் எல்லை. அவர் நீண்டகாலமாக அப்பர் டெக் நிறுவனத்தோடு ஒப்பந்தத்தில் இருப்பவர் என்பதால், பனினி என்ற வேறொரு நிறுவனத்தின் பிரிசம் தொகுப்புகளில் அவரைத் தேட வேண்டாம்.

4. தேடல் பட்டியலை எண்ணோடு எழுதுங்கள்

பெயர் மட்டும் எழுதிய பட்டியல் கடையில் உதவாது. ஒவ்வொரு வரியிலும் பருவம், நிறுவனம், தொகுப்பு, அட்டை எண், வகை, ஏற்கத்தக்க நிலை, கொடுக்கத் தயாரான உச்ச விலை ஆகிய ஏழும் இருக்க வேண்டும். டிரேடிங் கார்டு டேட்டாபேஸ் என்ற இலவசத் தளத்தில் வீரர் பெயரை இட்டால் அவருடைய அட்டைகளின் பட்டியல் வரும். எண்களை அங்கிருந்து எடுங்கள்.

பருவத்தை 1998-99 என்று இரண்டு ஆண்டுகளாகவே எழுதுங்கள். கூடைப்பந்துப் பருவம் இரு ஆண்டுகளில் பரவுவதால், ஒரே அட்டையை ஒரு விற்பனையாளர் 1998 என்பார், இன்னொருவர் 1999 என்பார். ஒற்றை ஆண்டு எழுதியவர்கள் ஒரே அட்டையை இரண்டு முறை வாங்குகிறார்கள்.

வகை என்ற கட்டம் பணத்தைக் காப்பது. 1998-99 டாப்ஸ் குரோம் தொகுப்பில் வின்ஸ் கார்ட்டரின் 199-ஆம் எண் அட்டை சாதாரண வகையிலும், ஒளியை வானவில் நிறங்களாகக் காட்டும் ரிஃப்ராக்டர் வகையிலும் உண்டு. இரண்டின் விலைக்கும் இடையே பெரும் தூரம். திரையில் பார்க்கும்போது இரண்டும் பளபளக்கும். ரிஃப்ராக்டரில் பின்புறம் எண்ணுக்கு அருகே அந்தச் சொல் அச்சாகியிருக்கும். பின்புறப் படம் இல்லாத விளம்பரத்தை நம்பி ரிஃப்ராக்டர் விலை கொடுக்காதீர்கள்.

உச்ச விலையைத் தீர்மானிக்க, கேட்கும் விலையைப் பார்க்காமல் விற்று முடிந்த விலையைப் பாருங்கள். ஈபேயில் விற்றவை என்ற வடிகட்டி உண்டு. கடைசியாக விற்ற ஐந்து பிரதிகளில் மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் விட்டுவிட்டு, நடுவில் உள்ள மூன்றின் சராசரியை எழுதிக்கொள்வது என் வழக்கம்.

5. அட்டைக்கு முன் உறை

பாதுகாப்புப் பொருள்கள் வீட்டில் இருந்தபின்பே முதல் அட்டையை வாங்குங்கள். மெல்லிய பிளாஸ்டிக் உறையான பென்னி ஸ்லீவ், கெட்டியான டாப்லோடர், ஒன்பது அறைத் தாள்கள், டி வடிவ வளையம் கொண்ட பைண்டர் ஆகியவை போதும். வட்ட வளையப் பைண்டரில் உட்பக்கத் தாள்கள் வளைந்து அட்டையின் விளிம்பை மடக்கிவிடும். தாள்கள் பி.வி.சி. கலவாதவையாக இருக்கட்டும், பி.வி.சி. நாளடைவில் பிசுபிசுத்து அட்டையின் மேல் ஒட்டிக்கொள்ளும்.

அட்டையின் தடிமனைப் பாயின்ட் என்று அளக்கிறார்கள். ஒரு பாயின்ட் என்பது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சாதாரண அட்டைக்கு 35 பாயின்ட் டாப்லோடர் சரியாக இருக்கும். சட்டைத் துண்டு பதித்த தடித்த அட்டைக்கு 130 பாயின்ட் வரை வேண்டியிருக்கும். தடித்த அட்டையை மெல்லிய டாப்லோடரில் திணித்தால் மூலைகள் நசுங்கும்.

6. வாங்கும் வரிசை

மலிவானவற்றிலிருந்து தொடங்குங்கள். முதல் ஐம்பது அட்டைகளைச் சில்லறை விலையில் வாங்கும்போது நிலையை மதிப்பிடக் கண் பழகும். விலையுயர்ந்த அட்டையில் அந்தப் பாடத்தைக் கற்பது வீண் செலவு.

மலிவான அட்டையில் அட்டையின் விலையைவிட அஞ்சல் செலவே அதிகம். ஆகவே ஒரே விற்பனையாளரிடம் பலவற்றைச் சேர்த்து வாங்குங்கள். ஸ்போர்ட்லாட்ஸ் தளம் இதற்கு ஏற்றது. சி.ஓ.எம்.சி. தளத்தில் பலரிடம் வாங்கியவற்றை அவர்களின் கிடங்கிலேயே தேக்கிவைத்து, பிறகு ஒரே பொதியாக வரவழைக்கலாம். அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து வாங்குகிறவர்களுக்கு இது மிகவும் பொருத்தம். இந்தியாவுக்கு வரவழைப்பவர்கள் சுங்க வரியையும் உச்ச விலைக்குள் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

பெட்டியைப் பலர் பங்குபோட்டுப் பிரிக்கும் பிரேக் நிகழ்ச்சிகளில் என்.பி.ஏ. அணி வாரியாகத்தான் பெரும்பாலும் இடம் விற்பார்கள். நம் வீரர்கள் பல அணிகளில் சிதறிக் கிடப்பதால் அது நமக்குப் பயன்படாது. கல்லூரி வாரியாக இடம் விற்கும் போமன் யூனிவர்சிட்டி பிரேக் மட்டுமே விதிவிலக்கு.

7. வந்த அன்றே சோதியுங்கள்

உறையைப் பிரித்ததும், அட்டையைப் பையிலிருந்து எடுப்பதற்கு முன் இருபுறமும் படம் எடுங்கள். சேதம் எங்கே நேர்ந்தது என்ற பேச்சு வந்தால் இந்தப் படம்தான் சாட்சி. எனக்கு ஒருமுறை மக்அடூ அட்டை வந்தபோது, விற்றவர் டாப்லோடரின் வாயைச் சாதாரண ஒட்டுநாடாவால் மூடியிருந்தார். ஸ்லீவ் சிறியதாக இருந்ததால் அட்டையின் மேல்விளிம்பு நாடாவில் பட்டிருந்தது. அவசரத்தில் இழுத்தேன். நாடாவோடு ஒரு நூல் அகலத்துக்கு வெள்ளைக் காகிதம் உரிந்து வந்தது. படம் எடுக்காததால் முறையிட வழியில்லை. அன்றிலிருந்து டாப்லோடரின் பக்கவாட்டைக் கத்தரித்துத்தான் திறக்கிறேன்.

பிறகு நான்கைப் பாருங்கள்: படத்தின் நடுவமைப்பு, மூலைகள், விளிம்புகள், மேற்பரப்பு. மேற்பரப்பை நேராகப் பார்த்தால் கீறல் தெரியாது. விளக்கு பக்கவாட்டில் இருக்க, அட்டையை மெல்லச் சாய்த்துத் திருப்பினால் தலைமுடி போன்ற கோடுகள் ஒளியில் எழும்.

பழைய அட்டையில் இன்னும் இரண்டு சோதனைகள் உண்டு. முதலாவது, அதே தொகுப்பின் மலிவான அட்டை ஒன்றை அருகில் வைத்து நீள அகலத்தை ஒப்பிடுவது. மூலையைக் கூர்மையாக்க விளிம்பைச் சீவியிருந்தால் அட்டை சற்றே குட்டையாக இருக்கும். இரண்டாவது, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் எழுத்துகளைப் பார்ப்பது. 1986-87 ஃபிளீர் போன்ற அட்டைகளில் படப் பகுதி பல நிறப் புள்ளிகளால் ஆனது. கறுப்பு எழுத்துகளோ இடைவெளியின்றித் திண்ணமான மையில் இருக்கும். அசலைப் படம்பிடித்து மறு அச்சிட்ட போலியில் எழுத்தும் புள்ளிகளாக உடைந்து தெரியும். இதைக் கண்ணுக்குப் பழக்க, சந்தேகமற்ற ஒரு மலிவான ஃபிளீர் அட்டையை வாங்கி லென்ஸடியில் பலமுறை பாருங்கள்.

ஜோர்டனின் 57-ஆம் எண் அட்டையை மட்டும் இந்தச் சோதனையை நம்பி வாங்காதீர்கள். 2021 ஜனவரியில் பத்துக்குப் பத்து தரம் பெற்ற பிரதி 7,38,000 டாலருக்கு ஏலம் போனது. அவ்வளவு மதிப்புள்ள ஒன்றைப் போலி செய்கிறவர்களும் தேர்ந்தவர்களாக இருக்கிறார்கள். பி.எஸ்.ஏ., பெக்கட், எஸ்.ஜி.சி. ஆகிய தரச்சான்று நிறுவனங்களில் ஒன்று சரிபார்த்துக் கெட்டிப் பிளாஸ்டிக் உறையில் அடைத்த பிரதியை மட்டுமே வாங்குங்கள்; மேலுறையில் உள்ள சான்று எண்ணை அந்நிறுவனத்தின் தளத்தில் இட்டு, அங்கு காட்டப்படும் விவரம் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

8. உறையிட்டு அடுக்குதல்

முதலில் பென்னி ஸ்லீவ், பிறகுதான் டாப்லோடர். அட்டையை நேராக டாப்லோடரில் இறக்கினால் கெட்டிப் பிளாஸ்டிக் மேற்பரப்பைக் கீறும். ஸ்லீவின் வாயில் ஒரு மூலையைச் சிறிது வெட்டிவிட்டால், அட்டையின் கீழ்மூலை இடறாமல் வழுக்கி உள்ளே போகும்.

பைண்டரை நிமிர்த்தி வையுங்கள். படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் அடியிலுள்ளவை அழுந்தும். குரோம் பூச்சுள்ள அட்டைகள் ஈரப்பதம் மாறினால் வில்போல வளையும் என்பதால், பரண், நிலவறை, வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். கையெழுத்திட்ட அட்டையில் வெயில் படக் கூடாது. மை வெளுத்தால் திரும்பாது.

பைண்டரில் இன்னும் கிடைக்காத அட்டைக்கும் ஓர் அறையைக் காலியாக விடுங்கள். அதில் எண் எழுதிய ஒரு காகிதத் துண்டை வையுங்கள். இல்லாவிட்டால் நடுவில் ஓர் அட்டை வரும்போதெல்லாம் பின்னுள்ள அனைத்தையும் நகர்த்த வேண்டியிருக்கும். ஒவ்வொரு நகர்த்தலிலும் மூலைகள் தேயும்.

9. தரச்சான்றுக்கு அனுப்புவது

அணி சேகரிப்பில் பெரும்பாலான அட்டைகளுக்கு இது தேவையில்லை. கட்டணமும் அஞ்சல் செலவும் சேர்ந்து பல அட்டைகளின் விலையை மிஞ்சிவிடும். அடைத்து வந்தபின் பைண்டரிலும் வைக்க முடியாது. அசலா என்ற ஐயம் எழக்கூடிய பழைய அட்டை, கையெழுத்து, அல்லது காப்பீட்டுக்காக மதிப்பு நிறுவ வேண்டிய அட்டை ஆகியவற்றுக்கு மட்டும் செய்தால் போதும். அனுப்பும்போது டாப்லோடரில் வைக்காமல் வளையும் தன்மையுள்ள அரைக்கெட்டி உறையில் வையுங்கள். அட்டையைச் சேதமின்றி வெளியே எடுக்க அது எளிது என்பதால் தரச்சான்று நிறுவனங்கள் அதையே விரும்புகின்றன.

10. ஆண்டுக்கு ஒருமுறை பட்டியலைத் திறவுங்கள்

என்.பி.ஏ. வரைவுத் தேர்வு முடிந்த வாரத்தில் புதிய பெயர்களைச் சேருங்கள். ஆனால் உடனே வாங்காதீர்கள். பருவத்தின் முதல் தொகுப்புகள் வெளியாகும் நேரத்தில்தான் ஆர்வமும் விலையும் உச்சத்தில் இருக்கும். நட்சத்திரமாக உயராத வீரரின் ரூக்கி அட்டை ஓராண்டு கழித்துச் சில்லறை விலைக்கு வந்துவிடுகிறது. அணிக்காகச் சேர்க்கும் நமக்கு அவருடைய அட்டையும் அதே அளவு வேண்டியதுதான். உரிமம் எந்த நிறுவனத்திடம் இருக்கிறது என்பதையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். 2009-10 முதல் பனினியிடம் இருந்த என்.பி.ஏ. உரிமம் 2025-26 பருவத்திலிருந்து டாப்ஸுக்கு மாறியிருப்பதால், புதிய வீரர்களுக்கான வரிகளில் தொகுப்பின் பெயரைப் பழைய பழக்கத்தில் பிரிசம் என்று எழுதிவிடாமல், வெளியான பட்டியலைப் பார்த்தபின் நிரப்புங்கள்.